எங்கள் பெயரும் எங்கள் கடவுச்சீட்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஒன்றுகூடலில் 1979ஆம் ஆண்டு உயர்தர வகுப்பின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பது ஒருவர். எழுதியது ஒரு வகுப்பு. ஐந்து நாடுகளில் இருந்து, ஒருவர் தூங்கும்போது மற்றவர் திருத்தி, வட்ஸ்அப்பில் எழுதி முடித்தோம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம். விழாக் குழுவினர் தந்த தலைப்பு "பெண்கல்வியும் புலம்பெயர்வும்". நல்ல தலைப்பு. பாதி உரை எழுதியும் விட்டோம். ஆனால் மூன்று நாட்களுக்கு முன் நடந்த ஒன்று எங்கள் தலைப்பை மாற்றிவிட்டது. தலைவி அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு என்று வைத்த கதிரை. எங்கள் காலத்து வலைப்பந்தாட்ட அணித் தலைவி. 1987இல் நாட்டை விட்டுப் போனவள், 38 வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக வர இருந்தாள். மகன் ரிக்கற் போட்டுக் கொடுத்தார். வீட்டில், கோயிலில், சங்கத்தில் எல்லோரும் அழைக்கிற பெயரைத்தான் போட்டார்: அவளுடைய பெயர், பக்கத்தில் கணவரின் பெயர். விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றிவிட்டு நின்றபோது, கவுண்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டையும் ரிக்கற்றையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு ஆட்களின் பெயர் என்றார். கடவுச்சீட்டில் கணவரின் பெயரே இல்லை. அவளுடைய பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் இருந்தது. அவளின் சொந்தப் பெயராகப் பதிந்திருந்தது, தகப்பனாரின் பெயர்.

பெயரைத் திருத்த ரிக்கற் விற்ற இடத்தோடு பேச வேண்டும் என்றார்கள். அந்த இடம் காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பிளேன் ஏழரைக்குப் போய்விட்டது. அவள் எங்களுக்கு அனுப்பிய குரல் செய்தியில் ஒரு வசனம் எங்களை உலுக்கிவிட்டது. "நான்தான் நான் எண்டு சொல்ல அங்கை ஒருத்தரும் இல்லையடி. எங்கடை பள்ளிக்கூடத்திலை கேட்டுப் பாருங்கோ எண்டு சொல்லுவமோ எண்டும் யோசிச்சன்."

அதனால் இன்று கடவுச்சீட்டைப் பற்றியும் விசாவைப் பற்றியும், அவற்றில் எழுதப்பட்ட எங்கள் பெயர்களைப் பற்றியும் பேசுகிறோம். நூற்றாண்டு விழாவில் பேசுகிற விடயமா என்று கேட்கலாம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேராவது இங்கே வருவதற்கு ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தவர்கள். வராமல் போனவர்களில் பலர் அது கிடைக்காமல் நின்றவர்கள்.

எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில் இந்தச் சங்கடம் இருக்கவில்லை. 1914 மார்ச் மாதத்தில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. கோட்டையில் ரயில் ஏறினால், கப்பல் மாறி, மறுபடி ரயில் ஏறி, சென்னையில் இறங்கலாம். மக்கள் அதைப் "போட் மெயில்" என்றார்கள். எங்களுக்குப் படிப்பித்த மூத்த ஆசிரியர்கள் சிலர் சென்னையில் குவீன் மேரிஸ் கல்லூரியிலும் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர்கள். அவர்கள் கொண்டு போனது ஒரு றங்குப் பெட்டி, ஒரு தலையணை, ஒரு போத்தல் எள்ளுப்பாகு. கடவுச்சீட்டு இல்லை. திரும்பி வரும்போது மண்டபத்தில் சுகாதாரப் பரிசோதனை இருந்ததை ஒரு ரீச்சர் பெரிய தொல்லை என்று சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார். இன்றைக்கு அதைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வரும். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு எங்கள் பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. யாழ்ப்பாணத்தார் கொழும்பைப் பாராமலே வெளிநாடு போகக்கூடியதாக இருந்த காலம் அது.

பிறகு 1948இல் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தது. 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றோடு அக்கரை வெளிநாடாகியது. அந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பவும் வரும்.

எங்கள் வகுப்பின் காலம் அதற்கு முப்பது வருடம் பிந்தியது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டபோது லண்டனுக்குப் போக விசா வேண்டியதில்லை. பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் ஹீத்ரோவில் இறங்கிய பின் குடிவரவு அதிகாரியிடம் காரணம் சொன்னால் போதும். 1983 ஆடிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் பெருகப் போகத் தொடங்கியதும், 1985 மே மாத முடிவில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளில் முதன்முதலாக விசா விதிக்கப்பட்டவர்கள் நாங்கள்தான். எங்கள் நாட்டுக்கு அப்படியும் ஒரு முதலிடம்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குப் போய்விடலாம். மேற்குப் பக்கத்தார் அதை ஒரு நாட்டின் எல்லையாக ஏற்றுக்கொள்ளாததால் சோதிப்பதில்லை. எங்கள் வகுப்பில் இருவரின் அண்ணன்மார் அப்படிப் போனவர்கள். 1985 நடுப்பகுதியில் அந்த வாசலும் அடைபட்டது. அடுத்த வருடம் ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்ததை ஒரு மீன்பிடிப் படகின் தலைவர் கண்டு காப்பாற்றினார். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்த எங்கள் ஆட்கள், விமானம் நிற்கிற இடத்திலேயே உடைகளைக் களைந்து எதிர்த்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. அதைப் பார்த்து வெட்கப்பட்டவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். இன்று சொல்கிறோம், அது எங்கள் வெட்கம் அல்ல.

அந்த வருடமே பிரித்தானியா இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. சரியான பத்திரம் இல்லாத ஒரு பயணியை ஏற்றிவந்தால் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம். சில வருடத்தில் அது இரண்டாயிரமாகியது. மற்ற நாடுகளிலும் இதே மாதிரிச் சட்டங்கள் உண்டு. எங்களை இன்று கவுண்டரில் நிறுத்துகிற பெண் ஏன் அப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறாள் என்பதற்கு இதுதான் காரணம். அவள் குடிவரவு அதிகாரி இல்லை. பிழையான ஆளை ஏற்றினால் தண்டம் அவளுடைய கம்பனிக்கு, திருப்பிக் கொண்டுவருகிற பொறுப்பும் அவர்களுக்கு. அவளுக்கு முன்னால் உள்ள கொம்பியூட்டரில், எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு எந்த நாட்டில் என்ன வேண்டும் என்று காட்டுகிற ஒரு தரவுத்தளம் இருக்கிறது. "ரிமாற்றிக்" என்று பெயர். அதில் இல்லாததை எவ்வளவு அழுதாலும் அவளால் செய்ய முடியாது. ஆகவே தங்கைமாரே, அவளோடு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. சண்டையை வீட்டில், ரிக்கற் போடுகிற அன்று, மகனோடு பிடிக்க வேண்டும்.

இனி எங்கள் தோழியின் பெயருக்கு வருகிறோம். அவள் போனதும் 1987இல்தான். எப்படிப் போனாள் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. "தலை மாத்தின பாஸ்போட்" என்றால் என்ன என்று இங்கே இருக்கிற வயதானவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொன்னால், வேறொருவரின் கடவுச்சீட்டில் எங்கள் படம். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, உயிருக்குப் பயந்து வருகிறவர் முறைப்படி வரவில்லை என்பதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அதை எழுதினவர்களுக்கு இந்த உலகம் தெரிந்திருந்தது.

போய் இறங்கிய நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் அவளை இருத்தி, பெயர் என்ன என்று கேட்டார்கள். அவள் இந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழக்கிய ஒழுங்கில் சொன்னாள்: முதலில் தகப்பனார் பெயர், பிறகு தன் பெயர். அதிகாரி முதலில் வந்ததை அவளுடைய பெயர் என்றும் கடைசியில் வந்ததைக் குடும்பப் பெயர் என்றும் எழுதினார். மொழிபெயர்த்தவர் களைத்துப்போயிருந்தாராம். அன்றிரவு அவருக்கு அது பன்னிரண்டாவது ஆள். இவளுக்கு அந்த மொழி தெரியாது. கையெழுத்து வைத்தாள். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு வந்த வதிவிட அட்டை, வங்கிப் புத்தகம், வைத்தியசாலைக் கோவை, கடைசியில் குடியுரிமை, கடவுச்சீட்டு எல்லாம் அந்த ஒரு தாளைப் பார்த்து எழுதியவை. டொக்டரிடம் போனால் தாதி வாசலில் வந்து தகப்பனாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இவள் எழும்பிப் போவாள். "அப்பா செத்து நாப்பது வருசம், இன்னும் அவரைத்தான் கூப்பிடுகினம்" என்று பகிடியாகச் சொல்லுவாள். பகிடி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

அவளுக்கு முதலில் கிடைத்தது கடவுச்சீட்டு அல்ல, அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதில் ஒரு வரி இருக்கும். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கை தவிர. சட்டப்படி அதில் நியாயம் உண்டு: உயிருக்கு ஆபத்து என்று ஓடிவந்த நாட்டுக்குத் திரும்பிப் போவதென்றால் அடைக்கலம் எதற்கு? ஆனால் 1992இல் அவளுடைய அம்மா இங்கே மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் காலமானார். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ஆனையிறவுப் பாதை மூடியிருந்தது. கிளாலிக் கடலால்தான் போக்குவரத்து. கொழும்புக்குப் போன ஒருவரிடம் கடிதம் கொடுத்து, அவர் அங்கிருந்து அனுப்பி, அது அவள் கையில் கிடைத்தபோது இங்கே அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அவள் அந்தப் பயணப் பத்திரத்தை எடுத்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வழி இருந்தாலும் பத்திரம் இல்லை, பத்திரம் இருந்தாலும் வழி இல்லை. பிறகு குடியுரிமை கிடைத்து, போர் முடிந்து, எல்லாப் பாதையும் திறந்த பிறகும் அவள் வரவில்லை. "ஆரைப் பாக்க?" என்பாள். இந்த நூற்றாண்டு விழாவுக்குத்தான் "உங்களைப் பாக்க வாறன்" என்றாள்.

வெளிநாட்டுக்குப் போகாத எங்களுக்கும் விசா இருந்தது என்பதை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அறிய வேண்டும். ஒரு பக்கம் பாஸ், மறுபக்கம் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி. 1996க்குப் பிறகு கொழும்புக்குப் போக இராணுவ அனுமதி எடுத்து, காங்கேசன்துறையில் கப்பலேறி, திருகோணமலையில் இறங்கிப் போனோம். 2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. ஒரே நாட்டுக்குள் ஒரு கலியாண வீட்டுக்குப் போக மூன்று படிவம் நிரப்பியவர்களுக்குத் தூதரகப் படிவம் ஒன்றும் பெரிதல்ல.

போனது பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 1949இல் வந்த சட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னோம். போர்க்காலத்தில் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள், அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தால் போகவில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தப்படவில்லை. 2025 மே மாதத்தில், அகதிகளுக்கான ஐ.நா. முகவரகத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டில் இருந்து பலாலிக்குத் திரும்பிய முதியவர் ஒருவர் இதே சட்டத்தின் கீழ் விமான நிலையத்தில் வைத்தே கைதுசெய்யப்பட்டார். ஓடிப்போனதற்கான குற்றம், திரும்பி வந்த அன்று. பாராளுமன்றத்திலும் வெளியிலும் பலர் குரல் கொடுத்தார்கள். அவர் விடுவிக்கப்பட்டார். அதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டுத் தமிழ்நாட்டு முகாம்களில் எத்தனை பேர் பெட்டியைத் திரும்ப அவிழ்த்து வைத்திருப்பார்களோ. எங்கள் பழைய மாணவிகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலர் போய்ச் சேர வேண்டும் என்று பத்திராதிபரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேதான் சொல்ல வேண்டும். எங்களுடைய குடியுரிமைச் சட்டத்தின்படி, 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி சென்னையில் ஒரு இந்தியரைக் கலியாணம் செய்தாள். பிள்ளைகளை இலங்கையராகப் பதிய முடியவில்லை. தாய் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், இந்த மண்ணில் பிறந்தாள், ஆனால் அவள் வழியாக ஒன்றும் இறங்காது. பெண்கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். இதைவிடப் பெண்களைப் பற்றிய விடயம் வேறு என்ன?

பெயர் விடயத்தில் எங்கள் தோழி தனி ஆள் இல்லை. எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயரை முன்னால் வைப்போம், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரைப் பின்னால் வைப்போம், கையெழுத்தில் ஓர் எழுத்தாகச் சுருக்குவோம். இங்கே ஒருவருக்கும் குழப்பம் இல்லை. உலகத்தின் படிவங்களில் இரண்டு பெட்டிதான் இருக்கிறது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று சகோதரிகள் மூன்று நாட்டில் மூன்று குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மச்சான் மச்சாள் உறவை நிரூபிக்க ஒரு கோவை நிறையச் சான்றிதழ் வேண்டும். ஒரே சொல்லில் பெயர் உள்ள ஒருத்தியின் மகளுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் என்ற இடத்தில் "எஃப் என் யூ" என்று போட்டுக் கொடுத்தார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. வங்கியில் இருந்து அவளுக்கு "அன்புள்ள எஃப்என்யூ" என்று கடிதம் வருகிறது.

நீளமும் ஒரு தொல்லை. கடவுச்சீட்டில் உங்கள் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் வாசிப்பது அதைத்தான். முதல் வரியில் 44 எழுத்துக்கு இடம். அதில் பெயருக்கு 39 மட்டுமே. ஒரு பாலசுப்பிரமணியத்தாரின் மகள் ஒரு கிருஷ்ணானந்தசிவத்தாரைக் கலியாணம் செய்தால் ஒருவரின் வால் அறுபட வேண்டியதுதான். (இந்த இடத்தில் எங்களுள் ஒருவர், அறுபடுவது கணவருடையதாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். வாசித்துவிட்டோம்.) ஆங்கில எழுத்து வேறு. யாழினிக்கு ஒரு சான்றிதழில் "எல்", ஒன்றில் "இசட் எச்". எண்சாத்திரம் பார்த்து ஓர் "ஏ"யைக் கூட்டிய பெற்றோருக்கு அதன் பலன் என்னவென்று இருபது வருடம் கழித்துத் தூதரகத்தில் தெரியும்.

இதற்கெல்லாம் அடி எங்கே என்று தேடிப் போனால் இரண்டு கடதாசிக்கு வருகிறோம். ஒன்று பிறப்புச் சான்றிதழ். மற்றது, எங்களை இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று எழுதிய சேர்விடாப்பு. இரண்டிலும் ஒரே பெயரா என்று எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு பெயர், சாதகத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, அம்மாமார் நகைக்கு அடுத்ததாகச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்தது இந்தச் சான்றிதழ்களைத்தான். மழையில் நனைந்து, மையெல்லாம் கலங்கிப் போனவை எத்தனை. திரும்பி வந்தவர்கள் முதலில் கச்சேரிக்குப் போனார்கள், அடுத்ததாகப் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு வந்தார்கள். "சேர்விடாப்பைப் பார்த்து ஒரு கடிதம் தாருங்கோ." அந்தக் காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஐயா, இடாப்புகளைச் சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்தவர். அவர் எழுதிக் கொடுத்த கடிதங்கள் இன்று பல நாட்டுக் கோவைகளில் இருக்கின்றன. நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படம் எல்லாம் வந்திருக்கிறது. ஐயாவின் படம் இல்லை. அடுத்த பதிப்பில் போட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் இப்போதே, கடவுச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, பதிவாளரிடம் திருத்துங்கள். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். இங்கே சமாளிக்கலாம், வெளிநாட்டில் அது ஒரு கடதாசி மட்டுமே. ஒருமுறை கடவுச்சீட்டில் ஏறிய எழுத்தைப் பரீட்சைச் சான்றிதழ், வங்கி, ரிக்கற் எல்லாவற்றிலும் அப்படியே வையுங்கள், அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடவுச்சீட்டு எடுப்பது உங்களுக்கு எங்களைவிட இலகு. நாங்கள் கொழும்புக்குப் போனோம். பின்பு வவுனியாவில் கிளை வந்தது. அங்கேயும் 2022இலும் 2024இலும் இரவிரவாக வரிசையில் படுத்தோம். 2022 யூலையில் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண் அங்கேயே பிள்ளை பெற்றாள். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதிதான் எங்கள் கச்சேரியில் பிராந்திய அலுவலகம் திறந்தார்கள். சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். விசா அப்படியல்ல. இந்தியாவுக்கு மட்டும் இங்கே துணைத்தூதரகம் இருக்கிறது. லண்டன், கனடா, ஐரோப்பா என்றால் கைரேகை வைக்க இரவு பஸ்ஸில் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பலாலியில் 2019இல் சர்வதேச விமான நிலையம் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி சென்னை விமானம் வந்தது. வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் தெரிகிற விமானம்தான். ஏறுவதற்கு விசா வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து வந்திருப்பவர்கள் அடுத்த முறை வரும்போது கவனிக்க: கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். திகதி முடியவில்லைத்தானே என்று நான்கு மாதத்தோடு வந்து நின்ற ஒரு அக்கா எங்களுக்குத் தெரியும். இலங்கைக்கு வர இணையத்தில் எடுத்த அனுமதி, அதை எடுத்த கடவுச்சீட்டு இலக்கத்துக்கு மட்டுமே. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் அதையும் புதிதாக எடுக்க வேண்டும். இங்கிருந்து அம்மாவை, அப்பாவைக் கூப்பிடுகிறவர்கள் மலிவு ரிக்கற் என்று எந்த ஊருக்குள்ளாலும் போடாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஐரோப்பிய ஷெங்கன் நாட்டு விமான நிலையம் ஒன்றில் பிளேன் மாறுவதற்கும், வெளியே காலடி வைக்காமல் இருந்தாலும், இடைமாறல் விசா வேண்டும், லண்டனிலும் அப்படித்தான். சில நாட்டு விசா அல்லது வதிவிடம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எழுபத்தைந்து வயது அம்மாவைச் சக்கர நாற்காலியோடு கவுண்டரில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய விடயம் அல்ல அது. லண்டனில் வதிவிட அட்டைகள் 2024 முடிவோடு காலாவதியாகி எல்லாம் இணையக் கணக்குக்கு மாறிவிட்டன. அங்குள்ள உங்கள் வயதான அக்காமாரின் கணக்கு யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அதிபர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்விடாப்புகளில் பழைய தொகுதிகளைப் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு தொகுதி ஏற்கெனவே இல்லை. எங்கள் வகுப்பு அதற்கென்று ஒரு தொகை சேர்த்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வைக்க வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு நூலகத்தில் ஒரு மேசை போடுகிறோம். வந்திருப்பவர்கள் உங்கள் கடவுச்சீட்டைக் கொண்டு வாருங்கள், இடாப்பில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். பொருந்தாதவர்களுக்குக் கடிதம் எழுத இரண்டு சட்டத்தரணித் தங்கைமார் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக அந்தக் கதிரை. நாங்கள் இடாப்பில் எங்கள் தோழியின் பக்கத்தைத் தேடி எடுத்தோம். 1967 சனவரி, பாலர் வகுப்பு. தகப்பனார் பெயர் ஒரு நிரலில், அவளுடைய பெயர் இன்னொரு நிரலில், தெளிவான நீல மையில், அப்போதைய தலைமை ஆசிரியையின் சாய்ந்த கையெழுத்தில். படம் எடுத்து அனுப்பினோம். கவுண்டரில் அது உதவாது என்று எங்களுக்குத் தெரியும். அவள் நெடுநேரம் பதில் போடவில்லை. பிறகு மகன் எழுதினார்: கடவுச்சீட்டில் உள்ளபடியே, தாத்தாவின் பெயரை முன்னால் போட்டு, வேறு ரிக்கற் எடுத்துவிட்டேன், அன்ரி. இன்று மத்தியானம் கட்டுநாயக்காவில் இறங்கியிருக்கிறாள். இரவு பஸ்ஸில் ஏறுகிறாள். நாளை விடிய ஐந்து ஐந்தரைக்கு முற்றவெளிப் பக்கம் இறங்குவாள், வாகனம் உள்ளவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள். எட்டு மணிக்குப் பழைய மாணவிகளுக்கும் இந்நாள் மாணவிகளுக்கும் வலைப்பந்தாட்டம் இருக்கிறது. விளையாட மாட்டாளாம், முழங்கால் விடாதாம், விசில் தாருங்கள் என்கிறாள்.

மண்டபத்தை ஒழுங்குபடுத்துகிற பிள்ளைகள் அந்தக் கதிரையை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.